சம்பந்திக்கு ஒரு நன்றி

இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர் முழுதாக என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "படுத்தாத்தான் ஜாஸ்தியா வருது, ஆனா வந்து" என்பது வரை என் போன் திரையில் எழுத்தாக ஓடியது. அதன்மேல் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. 'பயன்பாட்டு அளவைக் கருத்தில் கொண்டு, அடுத்த மாத இறுதியுடன் உங்கள் மொழியில் இந்தச் சேவை நிறுத்தப்படுகிறது. இதுவரை எங்களுடன் இணைந்திருந்ததற்கு நன்றி.' கட்டத்துக்குப் பின்னால் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். வாய் அசைந்தது, கை நெஞ்சைத் தொட்டுக் காட்டியது, கண் என் பதிலுக்குக் காத்திருந்தது. கட்டத்தின் அடியில் 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். 'முடியாது' என்பதற்கு அவர்கள் இடம் வைக்கவில்லை. சரியை அழுத்திவிட்டு, "திரும்ப ஒரு தடவை சொல்லுங்க சார்" என்றேன். அதற்குள் அவருக்குச் சலித்துவிட்டது. அலமாரியில் இருந்த ஏதோ ஒரு சிரப்பைக் கை காட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை. நாற்பதை நெருங்கும்போது ஒரு காய்ச்சல், அதற்குப் போட்ட ஊசி. அந்த ஊசி மருந்தோடு வரும் தாளில் 'அரிதாகச் செவித்திறன் பாதிக்கப்படலாம்' என்று பொடி எழுத்தில் இருக்கும். மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கும் நான் அந்தத் தாளை எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த 'அரிதாக' நான்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காது காரணமில்லை, வாய்தான் காரணம் என்பதை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

காது போனதும் கடை முதலாளியம்மா என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து உள்ளே சரக்கு அறையில் வைத்தார். நல்ல மனதோடுதான் செய்தார், சம்பளத்தில் கை வைக்கவில்லை. அட்டைப் பெட்டிகளோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. ஆனால் பெட்டிகள் 'வந்து' என்று இழுக்காது, மனிதர்கள் இழுப்பார்கள். எழுதிக் கொடுங்கள் என்றால் 'தலைவலி' என்று எழுதி நீட்டிவிடுவார்கள். வாயால் சொல்லும்போதுதான், "தலைவலிதாங்க, வந்து, அந்தப் புது மாத்திரை போட்டதுலேர்ந்து" என்று வரும். பாதி நோய் அந்த 'வந்து'வுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருக்கும். அதைப் பிடிப்பதுதான் என் வேலை. உள்ளே உட்கார்ந்து காலாவதித் தேதி பார்த்துக்கொண்டிருந்தபோது, என்னையே யாரோ எடுத்து அலமாரியில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் வேறு விதம். தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், நான் என்று நாலு பேர். சாப்பாட்டு மேஜையில் யாராவது ஏதாவது சொல்வார்கள், எல்லார் முகமும் மலரும். நான் அந்த முகங்களைப் பார்த்து, கொஞ்சம் பிந்தி, சிரித்துவைப்பேன். எதற்குச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. "என்னடா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்று கையை ஆட்டுவார்கள். தப்பாகச் சொல்லவில்லை, ஒரு வேடிக்கையை இரண்டாம் முறை சொன்னால் அது வேடிக்கையாக இருக்காதுதான். ஆனாலும் காது போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். மொழியிலேயே கொடுமையான சொல் இந்த 'ஒண்ணுமில்ல'தான் என்பார்கள்.

தம்பி கணினிக்காரன். பிழைப்புக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கணினிகளைக் கட்டி மேய்க்கிறான். ஞாயிறு தோறும் தன் வலைத்தளத்தில் அந்தப் பெரிய இணைய நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறான். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தேடுவதும், வழி கேட்பதும், மடல் போடுவதும், படம் பார்ப்பதும் அதன் வாசலைத் தாண்டித்தான். தெருவில் இருக்கிற கடையை எல்லாம் வாங்கினவனைக்கூடச் சமாளித்துவிடலாம், இவன் தெருவையே வாங்கிவிட்டான், இனி எந்தக் கடை நம் கண்ணில் பட வேண்டும் என்பதும் இவன் இஷ்டம் என்று எழுதுவான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் எழுந்ததில்லை. "பொண்ணு குடுத்த வீட்டைக்கூட யாரும் இப்படி நாள் தவறாம திட்ட மாட்டாங்க" என்று தம்பி மனைவி ஒருநாள் சொல்லப்போக, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நிறுவனத்துக்குப் பெயர் சம்பந்தி. "சம்பந்தி இன்னைக்கு என்ன பண்ணார்?" என்றுதான் கேட்போம். எல்லாம் எனக்குக் காது இருந்த காலத்துச் சங்கதி.

சம்பந்தியின் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது தம்பியின் சட்டம். அப்படிப்பட்டவன்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலையில் சம்பந்தியின் போன் ஒன்றை வாங்கிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏதேதோ அழுத்தி, என் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தான். பேசுவதைக் கேட்டு உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். நான் நம்பவில்லை. தம்பி மனைவி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு வாயை அசைத்தாள். திரையில் எழுத்து ஓடியது: "சம்பந்தி முதல் முறையா வீட்டுக்கு வந்திருக்கார், எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க."

சிரித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் வாயும் என் வாயும் ஒரே நேரத்தில் திறந்ததை நான் பார்த்தேன். தம்பி மட்டும் எழுந்து போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தான். வெகுநேரம் கழுவினான்.

அடுத்த வாரமே நான் கவுண்டருக்குத் திரும்பினேன். போனை நடுவில் நிறுத்திவைப்பேன், பேசுவதைப் படிப்பேன், மருந்தின் பெயரை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லி அவர்கள் தலையாட்டிய பிறகுதான் கையில் கொடுப்பேன். திரையில் ஓடும் எழுத்து எனக்குள் குரலாகவே கேட்கும். பழைய வாடிக்கையாளர்களுக்கு அவரவர் குரல், புதியவர்களுக்கு நானாகக் கொடுத்த குரல்.

வெள்ளைக் கட்டம் வந்த அன்று மாலை போனைத் தம்பியிடம் நீட்டினேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று குதிப்பான் என்று நினைத்தேன். குதித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் அந்த வாசகத்தை இரண்டு முறை படித்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"வேற எவனும் இதைப் பண்றது இல்லையாடா? காசு குடுத்தாவது வாங்கிக்கலாமே?"

"இருந்தாங்கக்கா, நான் உனக்கு இந்தப் போனை வாங்கறதுக்கு முன்னாடி. அஞ்சு பேர் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி. மாசச் சந்தா கொஞ்சமா வாங்கிட்டு நம்ம மொழிக்கு மட்டும் பண்ணிட்டு இருந்தாங்க. சம்பந்தி அதையே சும்மா குடுத்ததும் ஒரு வருஷத்துல கடையைச் சாத்திட்டாங்க. இப்ப இவனும் சாத்தறான்."

"அப்ப எனக்கு?"

திரை வெறுமையாகவே இருந்தது. பதில் இல்லாததையும் அந்தப் போன் நேர்மையாகக் காட்டும்.

கடையில் முதலாளியம்மாவிடம் மறைக்கவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது, அடுத்த மாதம் முடிந்தால் தெரியத்தானே போகிறது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள சரக்கைப் பாக்கவும் நம்பிக்கையான ஆள் வேணும்லம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் எதிர்த்துப் பேசவும் வழியில்லாமல் போயிற்று. அன்று மத்தியானம் சரக்கு அறைக்குள் போய்ப் பார்த்தேன். நான் உட்காரும் பழைய ஸ்டூலின்மேல் பஞ்சுப் பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். அவற்றை எடுத்து வைக்க மனம் வரவில்லை.

அந்த ஞாயிறு தம்பி எழுதியதை நான் படித்தேன். வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் என்று நினைத்தேன், அடங்கி எழுதியிருந்தான். இலவசம் என்று ஒருவன் பந்தி விரித்தால் பக்கத்து உணவுக்கடைகள் மூடும், எல்லாம் மூடிய பிறகு அவன் இலையை எடுத்துவிட்டுப் போனால் பசித்தவன் எங்கே போவான், 'பயன்பாட்டு அளவு' என்ற கணக்கில் என் அக்கா ஒரு புள்ளிகூட இல்லை, ஆனால் எங்கள் மேஜையில் அவள் கால்வாசி என்று எழுதியிருந்தான். என்னைப் பற்றி எழுதியதற்குக் கோபித்துக்கொண்டேன். பிறகு அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தேன். பலர் பகிர்ந்தார்கள். சம்பந்தி வாயே திறக்கவில்லை. அவர்களுக்கு இவன் ஒரு கொசுகூட இல்லை.

ஆனால் மூன்றாம் நாள் ஒரு பெண் மடல் அனுப்பினாள். கடையைச் சாத்திய அந்த ஐந்து பேரில் ஒருத்தி. இப்போது ஒரு வங்கியில் வேலை செய்கிறாளாம். நாங்கள் எழுதிய கணினி நிரல் முழுவதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, உங்கள் அக்காவுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், ஓடப் பழைய கணினி ஒன்று போதும், இணையம்கூட வேண்டாம், ஆனால் அது பிழைக்க வேண்டுமானால் சாதாரண மனிதர்களின் குரல் நிறைய வேண்டும் என்று எழுதியிருந்தாள். முகம் பார்க்காத ஒருத்தி. கைவிட்டுப்போன தன் உழைப்பை ஒரு வார்த்தை பேரம் பேசாமல் தூக்கிக் கொடுத்தாள். இன்றுவரை அவளை நினைக்காமல் நான் கடைக் கதவைத் திறப்பதில்லை.

குரல் என்றதும் தம்பி இடிந்துபோனான். ஊரார் பேச்சைச் சம்பந்தி ஒட்டுக் கேட்கிறான் என்று வருஷக்கணக்காக எழுதியவன் இவன். இப்போது இவனே மருந்துக் கடையில் ஒலிவாங்கி வைத்து, வியாதிக்காரர்கள் பேசுவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கடைசியில் ஒரு அட்டையில் 'விருப்பம் இருந்தால் மட்டும் உங்கள் குரலைக் கொடுங்கள். உங்கள் நோயைப் பற்றி எதுவும் பதிவாகாது' என்று எழுதிக் கவுண்டரில் மாட்டினான். மருந்து எடுத்துவரும் வரை காத்திருப்பவர்கள் ஒலிவாங்கி முன்னால் எதையாவது உரக்கப் படித்தால் போதும். படிக்க என்ன கொடுப்பது? கைக்கு எட்டிய தூரத்தில் கடையில் இருந்த எழுத்து ஒன்றுதான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள். எங்கள் கடையில் தமிழில் அச்சடித்த தாள்களை நான் தனியாக எடுத்து வைப்பது வழக்கம். அதையே ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். மக்கள் ஆசையாகப் படித்தார்கள். ஒருவர் மேடைப் பேச்சு மாதிரி கையை உயர்த்தி, வயிற்றுப்போக்கு பற்றி முழங்கினார்.

இத்தனை படித்த என் தம்பிக்கும் எனக்கும் இதில் ஒரு விபரீதம் இருப்பது தோன்றவில்லை. பழைய கணினியை ஒரு பெட்டிக்குள் வைத்து, சின்னத் திரை ஒன்றைப் பொருத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தான். மேஜையில் வைத்தோம். தம்பி மனைவி, "அண்ணி, சாப்பிட வாங்க" என்றிருக்கிறாள். திரை யோசித்து யோசித்து எழுதியது: 'உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளவும்.' அவள் மகள் ஏதோ கேட்டாள். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' தம்பி பதறிப்போய்ப் பெட்டியைத் தட்டி என்னவோ சொன்னான். 'அறிகுறிகள் நீடித்தால் மருத்துவரை அணுகவும்.' பாவம், தாளைத் தவிர அது வேறு எதையும் கேட்டதில்லை. உலகத்தில் மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நம்பிவிட்டது. சம்பந்தியின் போன் இந்தப் பக்கம் எல்லோரும் சொன்னதைச் சரியாகக் காட்டிக்கொண்டிருக்க, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தம்பிக்கு மட்டும் கண் கலங்கியது. மாதம் முடிய அதிக நாள் இல்லை.

மறுநாள் தாள்களை எல்லாம் எடுத்துவிட்டேன். "படிக்க வேண்டாம், பேசுங்க" என்றேன். "என்ன பேசறது?" என்றார்கள். "யார்கிட்டயாவது ரொம்ப நாளா சொல்ல நினைச்சதைச் சொல்லுங்க" என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர் தன் வழித்தடத்தின் நிறுத்தங்களை எல்லாம் வரிசையாகக் கூவினார், நடுநடுவே இல்லாத பயணிகளிடம் சில்லறை கேட்டுச் சண்டையும் போட்டார். ஒரு அம்மாள் வீட்டில் இருக்கும் கணவரை இங்கே நின்று ஆசை தீரத் திட்டிவிட்டு, முகம் தெளிந்து போனார். இருமல்காரர்கூட வந்தார். இருமல் நின்றுவிட்டதாம். மருந்து எதுவும் வாங்காமல், தன் தச்சுப் பட்டறையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். முதலாளியம்மா கல்லாவை விட்டு இறங்கிவந்து, மின்சார அலுவலகத்தோடு தனக்கு இருந்த வழக்கை ஒலிவாங்கியிடம் முறையிட்டார். எங்களுக்கு எந்த விதத்திலும் கடமைப்படாதவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் குரலைக் கொடுத்துவிட்டு, அதைப் பெரிதாக நினைக்காமல் வீட்டுக்குப் போனார்கள். பெட்டிக்கு மனிதப் பேச்சு பிடிபட ஆரம்பித்தது. என்றாலும் மெதுவாகத்தான் எழுதியது. யாராவது ஒன்று சொன்னால், மூச்சை நிதானமாக மூன்று நாலு முறை இழுத்துவிட்ட பிறகுதான் எழுத்து வரும்.

மாதக் கடைசி ஞாயிறு தம்பி எழுத உட்கார்ந்திருந்தான். சம்பந்தியின் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கட்டுரைக் கடைசியில ஒரு வரி போடு. நன்றின்னு."

"யாருக்கு?"

"சம்பந்திக்கு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தான். "அக்கா, ஒருத்தன் உனக்குக் கைத்தடி குடுத்துட்டு, கைத்தடிக் கடையை எல்லாம் மூட வச்சுட்டு, நடுரோட்டுல அதைப் புடுங்கிட்டுப் போறான். அவனுக்கு நன்றியா?"

"புடுங்கினதுக்குத் திட்டு. பக்கம் பக்கமா திட்டு, நான் வேண்டாங்கல. ஆனா நாலு வருஷம் நடந்தேன்ல?"

"அது அவனுக்கு வியாபாரம்க்கா."

"எனக்கு வியாபாரம் இல்லையேடா. நான் சிரிச்சது சிரிச்சதுதானே? அந்த 'வந்து'வைக்கூட விடாம புடிக்கணும்னு அங்க யாரோ ஒருத்தர் உக்காந்து மெனக்கெட்டிருக்காங்க. அவங்களைக் கேட்டா சேவையை நிறுத்தினாங்க? அவங்களுக்கும் இன்னைக்கு வயிறு எரியும்."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுரையின் பக்கம் திரும்பினான். கட்டுரை வெளியானதும் நான் முதலில் கடைசி வரிக்குத்தான் போனேன். அதற்கு மேலே சம்பந்தியைத் தோலுரித்துத் தொங்கவிட்டிருந்தான், ஒரு குற்றம்கூட மிச்சம் வைக்கவில்லை. அடியில் தனியாக ஒரு வரி. 'என் அக்கா நாலு வருஷம் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். உள்ளே இருந்து அதைச் செய்தவர் யாரோ, அவருக்கு நன்றி.' நிறுவனத்துக்குச் சொல்லாமல் ஆளுக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டான். அவன் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிது. அவன் தலையை ஒருமுறை கலைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடைசி நாள் கடையில் போனும் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. போன் முந்திக்கொண்டு எழுதும், பெட்டி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். மத்தியானம் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், பழக வேண்டுமே. வந்தவர்கள் பேசிவிட்டு, என்னோடு சேர்ந்து பெட்டியின் திரையை எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் மட்டும் நேரமாகிறது என்று முனகினார். முதலாளியம்மா உள்ளே போனார். சரக்கு அறையிலிருந்து அந்த ஸ்டூலைத் தூக்கிவந்து முனகியவர் முன்னால் போட்டார். பஞ்சுப் பொட்டலங்களை எங்கே வைத்தாரோ தெரியாது. கொஞ்சம் கழித்து முதலாளியம்மா சொன்னது திரையில் எழுத்தாக வந்தது: "உக்காருங்க சார். அவங்க இங்கதான் இருப்பாங்க, நீங்களும் கொஞ்சம் இருங்க."

கடை மூடும் முன் போனை நிமிர்த்தினேன். அதுவரை அதனோடு நான் பேசியதே இல்லை. ஊரார் பேச்சைத்தான் அது எனக்குச் சொல்லும். "ரொம்ப நன்றிப்பா" என்றேன். என் குரல் எனக்குக் கேட்காது. 'ரொம்ப நன்றிப்பா' என்று திரையில் எழுத்து வந்தது. யார் யாருக்குச் சொன்னது என்று இல்லாமல் அது சற்று நேரம் அங்கேயே நின்றது.

மறுநாள் காலை போன் வெறும் போனாகிவிட்டது. அன்று மாலை மேஜையில் பெட்டி மட்டும் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். கடையில் ஆட்கள் காத்திருப்பார்கள், மருந்து வேண்டுமே. வீட்டில் எப்படி? சிரிப்பு யாருக்காகக் காத்திருக்கும்? பழையபடி நான் பிந்திச் சிரிக்கப் போகிறேன், என்ன, இந்த முறை காரணம் தெரிந்து சிரிப்பேன், அதுவரைக்கும் லாபம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மருமகள் அவள் அப்பாவைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். நான் நிமிர்ந்தேன். மலரப்போகும் முகங்களைத் தேடினேன். யாரும் சிரிக்கவில்லை. தம்பி மனைவி கையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று பேரும் பெட்டியின் திரையைப் பார்த்தார்கள். திரும்பி என்னைப் பார்த்தார்கள். மறுபடி திரையைப் பார்த்தார்கள்.

திரையில் எழுத்து ஊர ஆரம்பித்தது. 'அப்பா செஞ்ச பெட்டி அப்பா மாதிரியே இருக்கு' என்று வந்து நின்றது. மூச்சு வாங்கியது. 'அம்மா கூப்பிட்டா ரொம்ப நேரம் கழிச்சுத்தான்' என்று வந்து மறுபடி நின்றது. நான் கடைசிச் சொல்லுக்காகத் திரையைப் பார்த்திருந்தேன். அவர்கள் உப்பிய கன்னங்களோடு என் வாயைப் பார்த்திருந்தார்கள்.